பதினான்காம் பத்தியின் வினைச்சொல்

பான் நகரம், அக்டோபர்.
இரவு இரண்டு மணிக்கே காபி இயந்திரம்
பால் தீர்ந்ததென்று சிவப்பு விளக்கெரித்துப் படுத்துவிட்டது.
நான்காம் அறையில்
முப்பது நாடுகள் ஒரு வினைச்சொல்லைச் சுற்றி
உட்கார்ந்திருக்கின்றன.

திரையில் அந்தச் சொல்
இரண்டு சதுர அடைப்புகளுக்கு நடுவே கிடக்கிறது.
அடைப்பு இருக்கும்வரை
அது யாருக்கும் சொந்தமில்லை,
யாரையும் கடிக்காது.

என் வேலை சிறியது.
போடச் சொன்னால் அடைப்பைப் போடுவேன்,
எடுக்கச் சொன்னால் எடுப்பேன்.
மனசு மட்டும் உத்தரவுக்குக் காத்திராமல்
எல்லாவற்றையும் தமிழில் போட்டுப் பார்க்கும்.

குறைக்க வேண்டும்.
குறைக்கலாம்.
குறைப்பதைப் பரிசீலிக்குமாறு அழைக்கப்படுகின்றன.

முகவுரை முழுக்க வினையெச்சங்கள்:
நினைவுகூர்ந்து, உணர்ந்து, வரவேற்று,
ஆழ்ந்த கவலையுடன் குறித்துக்கொண்டு,
கொண்டு,
கொண்டு...
எச்சம் என்றால் மிச்சம்.
விட்டுப்போகும் பிள்ளைகளுக்கும் அதே பெயர்தான்.

தலைவர் ஓத்வார் கண்ணாடியைத் துடைக்கிறார்.
"நண்பர்களே, மிகவும் நெருங்கிவிட்டோம்" என்கிறார்.
எதை என்று சொல்லவில்லை.

'வேண்டும்' எங்களுக்கு வசதியான சொல்.
பொம்மைக் கடை வாசலில் குழந்தை அழுவதும் அதுதான்,
நீதிபதி தீர்ப்பில் எழுதுவதும் அதுதான்.
ஆசையையும் கட்டளையையும் தனித்தனியாகப் பிரிக்க
இங்கே ஒன்பது இரவுகள்,
விமானச் சீட்டும் விடுதி வாடகையும் தனி.

தெராக்கா கிரிபட்டியிலிருந்து வந்தவர்.
தூதுக்குழு என்றால் அவர் ஒருவர்தான்,
தலைவர், ஆலோசகர், பை தூக்குகிறவர் எல்லாம்.
நான்காம் அறையில் வினைச்சொல், ஏழாம் அறையில் பணம்.
நடுவில் நூற்றுப் பன்னிரண்டு எட்டு,
எண்ணி வைத்திருக்கிறார்.
"ஏழுக்குப் போய்வருகிறேன், அந்தச் சொல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள்"
என்றார் என்னிடம்,
ரயிலில் பக்கத்து இருக்கைக்காரரிடம் பெட்டியை ஒப்படைப்பதுபோல.
தலையாட்டிவிட்டேன்.
தட்டச்சு செய்கிறவருக்கு வாக்கு இல்லை,
எந்தப் பொருளிலும்.

மூன்று நாற்பதுக்கு ஒருவர்,
சற்றே மென்மையாக்கினால் என் தலைநகரம் ஏற்கும் என்றார்.
என்னுடையதும் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் உறங்கிக்கொண்டிருந்தார்.
உறக்கம் ஆட்சேபம் ஆகாது.
ஆட்சேபம் உண்டா?
காற்றுக்குழாய் மட்டும் முனகியது.
சுத்தியல் விழுந்தது.
வேர்க்கடலை உடைக்கிற சத்தம், அவ்வளவுதான்.

அடைப்பை எடுத்தேன்.
என் விரல்தான்.

தெராக்கா மூச்சிரைக்க வந்தார்,
பெயர்ப்பலகையை நிமிர்த்தி நட்டார்.
பத்தி முடிந்துவிட்டது என்றார் ஓத்வார்,
தங்கள் கருத்து அறிக்கையில் பதிவாகும் என்றார்.
நிஜமாகவே வருத்தப்பட்டார், அதையும் சொல்ல வேண்டும்.

தெராக்கா என்னைத் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியை நீட்டினார்.
அங்கே பகல் இரண்டு மணி.
ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தங்கை
படம் அனுப்பியிருந்தாள்:
தடுப்பூசிப் பெட்டிகள் மேசைமேல்,
மேசைக்கால்களுக்கு அடியில் செங்கல்.
தரை இன்னும் காய்ந்துதான் இருந்தது.
கீழே ஓத அட்டவணையின் ஒரு வரி.
ஐந்து பன்னிரண்டுக்கு நீர் ஏறும்.

ஏறலாம் இல்லை.
ஏறுமாறு அழைக்கப்படவில்லை.
ஏறும்.
இரவெல்லாம் தேடிய வினைமுற்று
ஒரு துறைமுக அட்டவணையில் இருந்தது.

வெளியே வந்தோம்.
ரைன் நதி இந்த வருடம் வற்றிக் கிடக்கிறது,
கரையோரக் கற்கள் முதுகைக் காட்டுகின்றன.
பாலத்து விளக்கொளியில் ஒரு நிலக்கரிப் படகு
பாதிச் சுமையோடு போயிற்று.
முழுச் சுமைக்குத் தண்ணீர் இல்லை.
அந்தப் பாதியைக் குறைக்கச் சொல்லி
யாரும் கையெழுத்திட்டதில்லை.

முதல் டிராம் வருகிறது.
பெயர்ப்பலகையைத் திருப்பித் தர மறந்து
கையில் பிடித்தபடி நிற்கிறார் தெராக்கா,
இன்னும் நிமிர்த்தியபடி.
ஓட்டுநர் பார்த்துவிட்டு
வண்டியை நிறுத்துகிறார்.