இரண்டாவது ஹெல்மெட்

காலை ஏழரைக்கே ரப்பர் உடுப்புக்குள் இறங்கிவிட்டேன்.
கழுத்து வரை முங்குகாரன்.
கழுத்துக்கு மேல் வெயில் காயும் சும்மா ஆள்.
ஹெல்மெட் மடியில் கிடக்கிறது
வாய் பிளந்தபடி.

நெய்யாற்று அணை, மூன்றாம் ஷட்டர்.
கீழே பதினெட்டு மீட்டரில் செலஸ்டின்
பழைய ரப்பர் சீலைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறான்.
அவன் மூச்சு கம்ப்ரசரில் ஓடுகிறது.
என்னுடையது தனி சிலிண்டரில்,
திறந்து பார்த்து, மூடாமல் வைத்தது.

களியக்காவிளை தாண்டினால் எங்களைப் பாண்டி என்கிறார்கள்.
நாகர்கோவில் தாண்டி வேலைக்குப் போனால் மலையாளத்தான்.
நீரோடிக்காரனுக்கு இரண்டும் பழக்கம்.
தண்ணீருக்குள் போனவனை
எந்தப் பெயராலும் கூப்பிட முடியாது,
கயிறுதான்.
ஓர் இழுப்பு: சரியா?
திரும்ப ஒன்று: சரி.
நான்கு: தூக்கு.
பதில் வராவிட்டால், அது என் பெயர்.

டீ குடிப்பதில்லை.
குடித்தால் ஒன்றுக்குப் போக உடுப்பை உரிக்க
ஏழு நிமிடம்.
ஏழு நிமிடத்தில் கீழே இருப்பவன்
அந்தக் கணக்கை நான் முடிப்பதில்லை.

ஷட்டர் இடுக்கில் உள்ளங்கையளவு பிளவு போதும்,
அணை முழுவதும்
ஒருவனின் முழங்கை வழியாக வெளியேறப் பார்க்கும்.
அதனால் மேலே மிதக்கும் தேக்கிலை
எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கிறேன்.
தினமும் நான் வாசிக்கிற பேப்பர் அது.

பதினொன்று இருபதுக்கு
வின்ஃபிரட் கயிற்றை ஒருமுறை இழுத்தான்.
காத்தான்.
இன்னொரு முறை.
குமிழ்கள் வந்துகொண்டுதான் இருந்தன.
குமிழை நம்ப முடியாது,
காற்று போகிற வரை
ஆளில்லாத ஹெல்மெட்டிலிருந்தும் வரும்.
வின்ஃபிரட் என் பக்கம் திரும்பவே இல்லை.
கிளிப் மாட்டும் சத்தம் கேட்டபோதுதான்
மாட்டுவது என் கை என்று தெரிந்தது.

ஏணியில் இரண்டாம் படி.
தண்ணீர் முழங்காலில்.
அப்போது எனக்குள் ஒன்று துள்ளியது.
பயம் என்று சொல்லிவிடலாம்,
கேட்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.
இருபத்தாறு நாள் உட்கார்ந்தே கூலி வாங்கியவனுக்குக்
கடைசியில் வேலை வந்துவிட்ட
சந்தோஷம் அது.

கயிறு அசைந்தது.
ஒன்று.

குப்பைக் கம்பியில் கயிறு சுற்றிக் கிடந்ததாம்.
கைநழுவிய ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தானாம்.
சூப்பர்வைசர் பிரசன்னன்
பதிவேட்டில் என் பெயருக்கு நேரே கோடு போட்டார்.
கோடு என்றால் இறங்கவில்லை.
முழங்கால் நனைந்ததற்கு அதில் கட்டமில்லை.

சாயங்காலம் அணைக்கு வெளியே கடையில்
செலஸ்டின் பழம்பொரியைப் பிய்த்து
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினான்.
'லேய் மக்கா, நீ மேல உண்டுல்லா,
அதான் நான் மெதுவா தேடினேன்.'

சூடு ஆறவில்லை. எண்ணெய் விரலெல்லாம் வழிந்தது.
அவன் முகத்தில் ஹெல்மெட் கழுத்துப்பட்டை
அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது,
தாடைக்குக் கீழே.
அதைப் பார்த்துக்கொண்டே
தின்றேன்.