ஊற்று முறை

தேவிபட்டினத்துக்குத் தெற்கே
கடல் சேறாய்ப் பின்வாங்கும் இடத்தில்
எங்கள் கோட்டை.
கோட்டை என்றால் சிரிப்பு வரும்:
நூற்று நாற்பது பனைகளை வெட்டி நட்டு
இடையில் மணல் கொட்டி
சுற்றிலும் உடைமுள் பரப்பினோம்.
முதல் வாரம் அது குத்தியது எங்களைத்தான்.

முப்பத்தெட்டாம் நாள்.
அரிசியில் வண்டு, கருவாட்டில் மணல்.
பீரங்கிக்குத் தினமும் எண்ணெய் பூசுகிறோம்,
உப்புக்காற்று தினமும் அதை நக்குகிறது.
சவரிராயன் கால்புண்ணில் சாம்பல் அப்பிக்கொண்டு
கொங்குப் பக்கத்துச் சண்டையைச் சொல்கிறான்.
சொல்லும்போதெல்லாம் செத்தவர் தொகை ஏறுகிறது.

உள்ளே தோண்டிய கிணறு உவர்.
மூன்றாள் ஆழத்திலும் கடல்தான் வந்தது.
நல்ல தண்ணீர் முந்நூறு தப்படி தள்ளி
மணலில் ஒரு ஊற்று.
விடிந்ததும் எங்கள் முறை:
நால்வர் துப்பாக்கி பிடிக்க, இருவர் மொள்ள.
இருட்டியதும் அவர்கள் முறை.
யாரும் பேசி வைத்ததல்ல.
காலையில் ஈரத்தில் தடங்கள் கிடக்கும்,
செருப்பில்லாதவை, விரல் அகன்றவை,
ஒன்று மட்டும் சின்னது.
பாலாற்றில் கோடைக்கு ஊற்றுக் கிண்டியவன் நான்.
ஊறும்வரை குந்தியிருந்த கால் எதுவென்று
பார்த்தாலே தெரியும்.

ஒருநாள் எங்கள் கொட்டாங்கச்சி உடைந்தது.
அங்கேயே போட்டுவிட்டு வந்தோம்.
மறுநாள்
புதுப் பனையோலைப் பட்டை ஒன்று,
முடிச்சு கச்சிதமாய்,
கவிழ்த்து வைத்து
காற்றில் பறக்காமல் மேலே ஒரு சங்கு.
நஞ்சாயிருக்கும் என்றார் அவில்தார் எத்திராசு.
முதலில் அவரே குடித்தார்.

நேற்று துரையின் உத்தரவு:
செத்த வண்டிமாட்டை ஊற்றில் தள்ளுங்கள்,
நமக்கு மண்டபத்திலிருந்து தோணியில் பீப்பாய் வரும்.
வரும்.
கச்சான் தணிந்தால் வரும்.

ஆறு பேர் கயிறு கட்டி இழுத்தோம்.
மயிலை என்று கூப்பிடுவான் வண்டிக்காரன்.
அவன் பின்னாலேயே வந்தான், ஒன்றும் சொல்லவில்லை.
ஊற்றருகே எத்திராசு பட்டையை எடுத்தார்.
கடைசியாய் எல்லோரும் குடித்தோம்.
வண்டிக்காரனுக்கும் நீட்டினார்,
அவன் மாட்டின் வாயைத் துடைத்தான் அதில்.
பிறகு தள்ளினோம்.
பட்டையை மட்டும்
உடைமரக் கிளையில் உயரத் தொங்கவிட்டார் எத்திராசு.
காலித்தனமாய் ஆடியது.
இருட்டில் வருகிறவர்களுக்கு அது தெரியுமா,
தெரிந்தாலும் புரியுமா,
அதை யாரும் கேட்கவில்லை.

இன்றிரவு என் காவல்.
பீப்பாய் வரவில்லை.
நிலா இல்லை, கடலும் சத்தமில்லை.
ஊற்றுப் பக்கம் ஓர் இருமல்,
சின்ன இருமல்.
தோட்டாக் காகிதத்தைப் பல்லில் வைக்கிறேன்.
கடித்துக் கிழிக்க வேண்டும்.
வாயில் எச்சில் இல்லை.