ஒட்டிய பெயர்

ஆண்டவரே,
த்ரினெட்ஸில் நாங்கள் மூன்றுக்கு இரண்டு என்று வென்றது
உமக்குத் தெரியும்.
கடைசிக் கோல் என் மட்டையில் பட்டுத்தான் போனது.
நான் குறிபார்த்து அடிக்கவில்லை, அதுவும் தெரியும்.

திரும்பும் பேருந்தில்
ஈரக் கையுறைகளின் நாற்றம்.
ஜன்னலுக்கு வெளியே பனி, பனிக்குள்
எஃகு ஆலைகளின் ஆரஞ்சு வெளிச்சம்.
பின் இருக்கையில் ஒரு சிரிப்பு கிளம்பி
வரிசை வரிசையாக முன்னால் வந்தது,
கூடவே க்ரிஷ்டோஃபின் கைபேசியும்.

ரோஸாலியே.
எங்கள் வகுப்பில் மூன்றாம் பெஞ்சு.
வேதியியலில் என் கணக்கைத் திருத்தித் தருகிறவள்.
அவனை நம்பி அவனுக்கு மட்டும் அனுப்பிய படம்.

நான்கு நொடி பார்த்தேன்.
ஒரு நொடி என்று சொல்லத்தான் ஆசை.

"என்னடா, எப்படி?" என்றான் ராடிம்.
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
அது என் வாயில் பிறந்ததா,
பக்கத்து வாயிலிருந்து தொற்றியதா,
இன்றுவரை பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.
"சாமியாருக்கு வெட்கத்தைப் பாரு,
ஞாயிறானால் ஆராதனைக்கு ஓடுகிறவன் அல்லவா?"
"அம்மா இழுத்துக்கொண்டு போகிறாள், அவ்வளவுதான்."
எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வாக்கியம்,
யாரோ முன்கூட்டியே
என் நாக்கின் கீழ் வைத்திருந்ததுபோல.

சைக்கிள் கடை மாடியில் எங்கள் சபை.
வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்துக்கு ஐந்து பேர்;
காய்ச்சல் காலத்தில் மூன்று.
'முடியாது' என்று சொல்லப் பத்து வழிகளை
அங்கே மாறி மாறி நடித்துப் பழகியிருந்தோம்.
நான் நன்றாக நடிப்பேன்.
கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.
பேருந்தில் ஒன்றுகூட நினைவில் எழவில்லை.

நெடுஞ்சாலை ஓரம் வண்டி நின்றது.
கரி அடுப்பு. அதன்மேல் சாசேஜ்.
குளிருக்கு அடுப்பைச் சுற்றிக் கை நீட்டி நின்றோம்.
கடைக்காரப் பெண் கடுகுச் சாந்தைப் பிழிந்தபடி
கூச்சலிட்டவர்களைத் தாடையால் காட்டி
"நீயும் இவங்க கூட்டம்தானா?" என்றாள்.

வெறுமனேதான் கேட்டாள்,
ரசீதை ஒன்றாகப் போடலாமா என்று அறிய.
"இல்லை" என்றிருக்கலாம்.
அன்றைக்கு என் வாய்க்கு அது பழகியிருந்தது.
"ஆமாம்" என்றேன்.
அந்த ஆமாம் தொண்டையில் முள்ளாக நின்றது.
இவர்களில் ஒருவன்.
பார்த்தவன், சிரித்தவன்.
சேவல் எதுவும் கூவவில்லை;
ஓட்டுநர்தான் ஹாரன் அடித்தார், இரண்டு தரம்.

ஏறினேன்.
க்ரிஷ்டோஃபின் இருக்கை வரை பதினோரு வரிசை.
"அழி" என்றேன்.
குரல் உடைந்து கீச்சென்று வந்தது.
பத்து வழிகளில் அது இல்லை.
"எதை?"
"உனக்குத் தெரியும். என் கண்முன் அழி.
நானும் பார்த்தேன்.
பயிற்சியாளரிடம் என்னையும் சேர்த்துத்தான் சொல்வேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் தேவலை.
அழித்தான். எங்காவது ஒரு பிரதி இருக்கலாம்.
உமக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.
இதை உம் பொருட்டுச் செய்தேனா,
அந்த முள் பொறுக்காமல் செய்தேனா,
அதுவும் எனக்குத் தெரியாது.

ரோஸாலியேயிடம் சொன்னேன், நான்கு நொடி உட்பட.
நன்றி என்று சொல்லவில்லை.
சொல்லவும் வேண்டியதில்லை.
மறுநாள் பெஞ்சு மாறி உட்கார்ந்துவிட்டாள்.
என் வேதியியல் இப்போது படுமோசம்.

ஆட்டத்திலும் எனக்கு யாரும் பாஸ் தருவதில்லை.
உடைமாற்றும் அறையில் என் இருபுறமும் இடம் காலி.
நேற்று தலைக்கவசத்தை எடுத்தால்
நெற்றியில் வெள்ளை டேப், அதில் கறுப்பு மையில்
'போப்பாண்டவர்'.

நாங்கள் கத்தோலிக்கர் இல்லை என்று
விளக்க வாயெடுத்தேன்.
பிறகு மூடிக்கொண்டேன்.
டேப்பின் ஓரம் கொஞ்சம் கிளம்பியிருந்தது.
கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு
பனித்தளத்தில் இறங்கினேன்.