பண்டல் கடை ஜாக்கெட்

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்,
மாடியில், பண்டல் கடையில்
பனிச்சறுக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டு நின்றோம்.
வெளியே வெயில் முப்பத்தைந்து.
ஜாக்கெட்டும் முப்பத்தைந்து.
வெயிலைக் குறைக்க முடியாத புவனேஸ்வரி
விலையை இருபத்தெட்டுக்கு இறக்கினாள்.
லோகப்பிரியா மட்டும் எதையும் போட்டுப் பார்க்கவில்லை.
வேர்க்குது, என்றாள்.

என்னுடையது ஆரஞ்சு.
ரோடு போடுற ஆள் மாதிரி இருக்கு, என்றான் யுகேந்திரன்.
உள்பையில் விரல் விட்டேன்.
மடிந்து மடிந்து துணியாகிப்போன ஒரு சீட்டு.
ஜப்பான் எழுத்து, ஒரு மலையின் கோட்டுப்படம்,
கம்பி நாற்காலியில் ஏற ஒரு நாள் அனுமதி.
தேதி:
தமிழ்ப்பள்ளியில் நான் மூன்றாம் ஆண்டு படித்த
ஏதோ ஒரு பிப்ரவரி.
நாங்கள் இன்னும் டிக்கெட்டே எடுக்கவில்லை.
இது போய்விட்டு வந்திருக்கிறது.

கடைசித் தாள் எழுதிய இரவு
ஹாஸ்டல் வராந்தாவில் மெகி கிண்டும்போது
பேசி முடித்த பயணம்.
நான்கு பேர். மலிவு விமானம்.
பை ஏழு கிலோவைத் தாண்டக்கூடாது,
எனவே குளிரை விமான நிலையத்திலிருந்தே
உடுத்திக்கொண்டு போகவேண்டும்.

பிறகு முடிவுகள் வந்தன.
லோகப்பிரியாவுக்கு ஒரு பாடம் போய்விட்டது.
புறப்பட மூன்று நாள் இருக்கையில் சொன்னாள்,
வாட்ஸ்அப்பில்,
ஒரு சிரிக்கிற முகத்தோடு.
பணம் திரும்பாது என்றது விமான நிறுவனம்.
அவள் இருக்கையில்
எங்கள் மூன்று ஜாக்கெட்டுகளும் உட்கார்ந்து வந்தன.

பனியை வெள்ளை என்பார்கள்.
எனக்கு முதலில் பட்டது அதன் சத்தமின்மை.
எங்கள் தாமானில் எப்போதும் ஏதாவது ஓடும்:
காற்றாடி, பக்கத்து வீட்டு சீரியல்,
இரவெல்லாம் செம்பனை ஆலை.
அங்கே என் மூச்சு மட்டும் ஓடியது,
பஸ்ஸைத் தவறவிட்டவளைப் போல.

விழுந்தேன்.
பதினெட்டு வரை எண்ணினேன்.
புவனேஸ்வரி விழுந்தபடியே காணொளி எடுத்தாள்.
சின்னப் பிள்ளைகளின் சரிவில்
ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி யுகேந்திரனை முந்தினாள்,
திரும்பிப் பார்த்து மன்னிப்பும் கேட்டாள்.
கால்களை ஆப்பு மாதிரி வை, என்று
கையால் காட்டினார் பயிற்றுநர்.
குதிகால் விலகட்டும், நுனிகள் நெருங்கட்டும்.
பத்தொன்பதாவது முறை
மலை கொஞ்சம் விட்டுக்கொடுத்தது.

வீடு வந்த மறுநாள்
குலை ஏற்றும் லோரியைக் கழுவிக்கொண்டிருந்தார் அப்பா.
ஈரக் கையைக் கைலியில் துடைத்துவிட்டு
படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.
அழகு என்று சொல்லவில்லை.
குளிரா என்று கேட்கவில்லை.
"இதுல எப்படி பிரேக் புடிக்கிறது?"

சிமென்ட் தரையில், சோப்பு நுரையில்
செருப்போடு நின்று காட்டினேன்.
குதிகால் வெளியே. விரல் உள்ளே.
பைப்பை மூடிவிட்டு
அவரும் நின்று பார்த்தார்,
முழங்காலை மடித்து, கைகளை நீட்டி,
பனியே இல்லாத இடத்தில்
மிகச் சரியாக.
"பதினாலாம் பிளாக் எறக்கம் இப்படித்தான்.
மழ பேஞ்சா மண்ணு வழுக்கும்.
மொத கியர்ல போட்டுட்டு பிரேக்க மறந்துறணும்."
பிறகு,
"நீ பத்தொம்பது தடவயா? நான் ஒரு தடவதான் கவுந்தேன்,"
என்றார், பந்தயத்தில் ஜெயித்தவரைப் போல.
எந்த வருடம் என்று கேட்பதற்குள்
தண்ணீரைத் திறந்துவிட்டார்.

ஃபிரிட்ஜ் கதவில், காந்தத்தின் கீழ்
கல்விக்கடன் கடிதம்:
மாதம் இருநூற்று எழுபது.
திங்கட்கிழமை சிரம்பானில் நேர்காணல்.
ஜாக்கெட் கொடியில் தொங்குகிறது,
மூன்று நாளாகக் காயவில்லை,
பிள்ளைகள் அதைக் குத்துச்சண்டைக்கு அழைக்கிறார்கள்.

சாயங்காலம் லோகப்பிரியா வந்தாள்.
படம் எதுவும் கேட்கவில்லை.
ஜூனில் மறுதேர்வாம்.
"அந்த மண்டபத்து ஏர்கோன் ஒனக்குத் தெரியும்ல.
ஜாக்கெட்டக் குடு."
கொடுத்தேன், ஈரத்தோடு.
உள்பையில் இப்போது
இரண்டு சீட்டுகள் இருப்பதை
நான் சொல்லவில்லை.