நியமிக்கப்பட வேண்டியவர்

பிரஸ்ஸல்ஸில் மாலை ஐந்து என்றால்
நாகமலை அடிவாரத்தில் இரவு எட்டரை.
கதவு மூடும் நேரத்தைத்
துறைக் கரும்பலகையில் எழுதி வைத்தேன்.
அதன் அடியில் யாரோ
‘இன்று மெஸ்ஸில் கூட்டு’ என்று சேர்த்திருந்தார்கள்.

கூட்டு ஆய்வு என்பது
கூட்டுப் பட்டா மாதிரிதான்.
நிலம் ஒன்று, கையெழுத்து ஐந்து.
ஒருவர் துபாயில் இருப்பார்,
இருவர் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் ஆய்வு கண்மாய்ச் சேற்றைப் பற்றியது.
மூன்று மீட்டர் குழாயை இறக்கினால்
அடுக்கடுக்காக மண் ஏறி வரும்.
ஒவ்வோர் அடுக்கிலும் டயட்டம் என்ற நுண்பாசி,
பெட்டியும் மூடியுமாக இரண்டு கண்ணாடி ஓடுகள்.
எந்த வருடம் மறுகால் போனது,
எந்த வருடம் வெறும் வெடிப்பு,
எல்லாம் அதற்குத் தெரியும்.
வருவாய்த்துறைக்குத் தெரியாது.

கண்மாய் என்ற சொல்லைப் படிவம் ஏற்கவில்லை.
டேங்க் என்று போட்டோம்.
போன வருடம் மதிப்பீட்டாளர் கேட்டிருந்தார்:
டேங்க் எந்த உலோகம்?
துருவைக் கணக்கில் எடுத்தீர்களா?
இரண்டு மதிப்பெண் போயிற்று.
இந்த வருடம் இருபத்தேழு சொற்கள் செலவழித்து
கரை, மடை, கலுங்கு எல்லாம் விளக்கினேன்.
இடம் போதவில்லை.
குழாய் இறக்கும் ஆட்களுக்கு
ஏன் இவ்வளவு கூலி என்ற வரியை வெட்டினேன்.

லீஸ்பெத் திரையில் வருவாள்,
அவள் பின்னால் எப்போதும் மழை.
உங்கள் பக்கத்து முதன்மை ஆய்வாளர் யார் என்பாள்.
பேராசிரியர் கோவர்த்தனன் என்பேன்.
அவரை ஒருமுறையாவது பார்க்கலாமா?
நல்லவர்தான்.
கேமரா முன்னால் மட்டும் கிடைக்க மாட்டார்.

நான் கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் வருடத்துக்குப் பதினோரு மாதம்.
விதி நான்கு, உட்பிரிவு இரண்டு:
நிரந்தரப் பணியில் இல்லாதவர்
ஆய்வாளராகப் பெயர் கொடுக்க முடியாது.
நாற்பத்தொரு பக்கம் எழுதியவள்
முப்பத்து மூன்றாம் பக்கத்தில்,
செலவு அட்டவணையில் இருக்கிறேன்.
பணியாளர் 2: நியமிக்கப்பட வேண்டியவர்.
அந்தக் கட்டத்தையும் நானேதான் தட்டச்சு செய்தேன்.
எழுத்துப்பிழை இல்லை.

ஆறு மணிக்கு மொக்கச்சாமி அண்ணன் வந்தார்.
“பதிவாளர் கையெழுத்து இல்லாமப் போகாதும்மா.
ஐயா திருநகர்ல, கல்யாண வரவேற்புல இருக்காரு.”
முத்திரையைக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார்.
அது விதியில் இல்லை.

மண்டபத்தில் ஸ்பீக்கர் அலறியது.
பதிவாளர் பாயசத்தில் இருந்தார்.
“எவ்வளவும்மா கேக்குறோம்?”
இரண்டு கோடியே பத்து லட்சம் சார்.
“அதுல நமக்கு?”
அறுபத்தெட்டு லட்சம்.
கொஞ்ச நேரம் யோசித்து, அப்பளத்தை நொறுக்கினார்.
கை கழுவி வந்தவர் மேசை தேடினார்.
இருந்தது மொய் மேசை ஒன்றுதான்.

மொய் எழுதுகிறவர் நோட்டைச் சற்று நகர்த்தினார்.
பச்சை மை, தேதி, முத்திரை.
அங்கேயே போனில் படம் எடுத்து
அங்கேயே ஏற்றினேன்.
பேட்டரி ஒன்பது சதவீதம்.
எட்டு இருபத்தொன்று.
வட்டம் சுற்றியது.
எட்டு இருபத்தாறு.
சுற்றியது.
பிறகு ஒரு வரி வந்தது,
பெறப்பட்டது,
அன்புள்ள பேராசிரியர் கோவர்த்தனன் என்று.

“எழுதணுமாம்மா?”
மொய்க்காரர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.
யார் வீட்டுக் கல்யாணம் என்றுகூட எனக்குத் தெரியாது.
நூற்றியொன்று நீட்டினேன்.
“ஊரு?”
சொன்னேன்.
“பேரு?”
எந்த விதியையும் புரட்டிப் பார்க்காமல்
வரிசையாக, அழுத்தமாக எழுதினார்:
செக்கானூரணி நாகஜோதி, 101.
ஒரு தடவை வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

“சாப்பிட்டுட்டுப் போம்மா.”
கடைசிப் பந்தி.
கூட்டு தீர்ந்து போயிருந்தது.
ரசம் நல்ல சூடு.