தீட்டு

பொகவந்தலாவை, கீழ்ப்பிரிவுப் பீலியடி.
போத்தலில் தண்ணீர் பிடித்த பரிசோதகர்
சீட்டில் எழுதினார்: மாசு, கேள்விக்குறி.

மாசுக்கு மேகமென்றும் அகராதியில் ஒரு பொருளுண்டு.
அன்று மலையை மூடியிருந்தது அதுதான்.

நான் எட்டத்தான் நின்றேன்.
மூன்று நாள் பீலியைத் தொடக்கூடாது;
மாமியார் குடத்தையே ஒளித்துவிட்டார்.
மேலே புல்லெண்ணெய் டாங்கியை இதே ஓடையில் அலசுகிறார்கள்,
அதற்கு எட்ட நிற்கும் நாளில்லை.

லயத்து வாசலில் முத்துவேலன்
கவ்வாத்துக் கத்தி தீட்டுகிறான்.
அரிசியைத் தீட்டினால் வெள்ளை.
கண்ணுக்கு மை தீட்டினால் அழகு.
என்னிடம் வரும்போதுதான் அந்தச் சொல்
வினை மறந்து பெயராகிவிடுகிறது.

"சாட்சிக்கு ஒரு பெயர் வேணும்."
தவமலர் என்றேன்.
மாசுக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டு
போத்தலை நீட்டினார்.
வாங்கினேன். மாமியார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
கை விறைக்கும் குளிர்.