ஐம்பத்தெட்டு பவுண்டு

ஹெப்சிபாவின் ஃபோர்ஹேண்ட்
கிளம்பும்போதே ஒரு சத்தம் வரும்,
குக்கர் மூடி எகிறினாற்போல.
என்னுடையது
தபாலில் போட்ட கல்யாணப் பத்திரிகை.
போய்ச் சேரும்,
முகூர்த்தம் முடிந்த பிறகு.

ஆறு மாதம் தோளை வளர்த்தேன்.
அயனாவரம் ஜிம்மில் இரும்பு தூக்கிவிட்டு
29சி பஸ்ஸில் மேல்கம்பி எட்டாமல்
யார் யார் மீதோ சாய்ந்து வந்தேன்.
பல்லைக் கடித்து அடித்தேன்.
பல் வலித்தது.
பந்து அதே பத்திரிகை.

பெரியமேட்டில் நரம்பு கட்டும் குத்தூஸ்
ராக்கெட்டைக் காதோரம் வைத்துச் சுண்டினார்.
"ஐம்பத்தெட்டு பவுண்டு.
யார் மேலக்கா இவ்ளோ கோவம்?
ஐம்பது போதும்.
லூஸா இருந்தாத்தான் தூக்கி அடிக்கும்."
அறுநூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு
கோவத்தில் எட்டு பவுண்டு குறைத்துக் கொடுத்தார்.
நம்பவில்லை. கட்டிக்கொண்டேன்.

அந்த வாரம் மழை.
கணேசபுரம் சுரங்கப்பாதையின் நடுவில்
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டி செத்தது.
தள்ளினேன். கையால்.
வண்டி அசையவில்லை,
பின்னால் ஒரு மீன்பாடி வண்டி,
அதன் பின்னால் வியாசர்பாடி மொத்தமும்.
வெறுத்துப்போய்த் தோளைத் தொங்கவிட்டேன்.
குதிகாலுக்கு எங்கோ ஒரு தார் விளிம்பு தட்டியது,
அதை மிதித்தேன்,
தொடை எழுந்தது, இடுப்பு திரும்பியது,
வண்டி போயே போய்விட்டது.
கை சும்மா கூட வந்தது,
சாட்சிக் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி.

சேற்றுத் தண்ணீரில் நின்று
பைத்தியம்போலச் சிரித்தேன்.
மீன்பாடிக்காரர் என்ன நினைத்தாரோ,
பெல் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

சனிக்கிழமை ஆறு மணி.
ரயில்வே குடியிருப்பின் ஈர மண் கோர்ட்.
கீரைக்கட்டைப் பிடிக்கிற பிடிதான் பிடித்தேன்.
பந்து எழும்பி வந்தது.
வலது குதிகால்.
அப்புறம் இடுப்பு.
அப்புறம் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை.

வேலியைத் தாண்டி
வேப்பமரத்தைத் தாண்டி
அரக்கோணம் லோக்கல் போகிற தண்டவாளத்தில்
எங்கோ விழுந்தது.

"அவுட்" என்றாள் ஹெப்சிபா,
பந்து போன திக்கையே பார்த்துக்கொண்டு.
அப்புறம் ஒன்றும் சொல்லாமல்
கோட்டிலிருந்து
இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

டப்பாவுக்கு மூன்று பந்து, நானூற்றைம்பது ரூபாய்.
இன்னும் இரண்டு இருக்கிறது.